டேப்பு சாமியின் ஒற்றை அடுக்கு

கொல்லிமலையில் தவம் செய்தவர்களுக்குக் குறைவே இல்லை. குகைக்குள் உட்கார்ந்தவர்கள், அருவிக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள், சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தவர்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால், சட்டைப் பையில் செலோ டேப்பை வைத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கடுக்காக உரித்து, "இதுக்கு மேல உரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்கிற இடம்வரை போய் நின்றவன் இந்த மலையில் ஒரே ஒருவன்தான். அவன் எங்கள் டேப்பு சாமி.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அவனுடைய ஆதார் அட்டையை நானே நாலைந்து தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். இருந்தும் நினைவில் நிற்கவில்லை. எங்கள் பக்கம் சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லோரையும் "சாமி" என்று கூப்பிடுவது வழக்கம். அது தெரியாமல், வாசலூர்பட்டிக்குப் படகில் போக வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, "இங்க டேப்பு சாமி கோயில் எந்தப் பக்கம்?" என்று வழியில் நின்ற ஒருவனைக் கேட்டது. நின்றவன் அவனேதான். "இன்னும் கட்டலீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான்.

மரியாதையாக "அவர்" என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் மாற்றலாகி வந்த ஆபீசர் யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். காலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சாயங்காலம் அதே எழுபதையும் இறங்குகிறவள் நான். அதனால் கடையைத் திறக்கும்போதே எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருக்கும். கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அப்படியொரு காலையில்தான் அவன் முதலில் வந்தான்.

"ஏனுங்க்கா, செலோ டேப்பு இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டு கிழித்து முழங்கையில் ஒட்டி, வெடுக்கென்று உரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இது ஆகாதுங்க்கா. பசை கூடிப்போச்சு." அடுத்ததைக் கொடுத்தேன். ஒட்டினான், உரித்தான். "இதுவும் ஆகாதுங்க்கா." அப்போதுதான் கவனித்தேன், அவனுடைய இடது கையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை.

"சாமி, உனக்கு டேப்பு எதுக்கு? பார்சல் ஒட்டறதுக்கா, முடி எடுக்கறதுக்கா?"

"அணு எடுக்கறதுக்குங்க்கா."

கடையில் முன்பிருந்தவர் விட்டுப்போன டேப்புப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. பசை பாதி செத்துப்போன சரக்கு. எதில் ஒட்டினாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே விழுந்துவிடும் என்பதால் நாய்கூடச் சீண்டாது. அவனை விரட்டுவதற்காக அதை எடுத்து முன்னால் போட்டேன். ஒட்டினான், உரித்தான், அவன் முகம் அப்படியே மலர்ந்தது. "இதுதானுங்க்கா! இத்தனை நாளா இதைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று பெட்டியோடு வாரிக்கொண்டு போனான். நல்ல சரக்கு வாங்கிப் போனவர்கள்கூட என்னை அப்படிக் கும்பிட்டதில்லை.

விசாரித்ததில், பையன் இதே மலையில் திருப்புலி நாட்டு ஆள். அம்மாவுக்கு மிளகுத் தோட்டமும் கொஞ்சம் சாமை, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும். இவன் பட்டணத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறான், லீவுக்கு மலைக்கு வருகிறான் என்று தெரிந்தது. அவன் ஆராய்வது, வெள்ளி மாதிரி மினுங்கும் ஊசி போன்ற ஒரு படிகம். பழைய குண்டு பல்புக்குள் இருக்குமே டங்ஸ்டன், அதோடு டெல்லூரியம் என்று இன்னொன்றைச் சேர்த்து வளர்த்த ஒரு வகை உலோகம். அதை டேப்பில் ஒட்டி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துப் பிரித்தால் பாதி பாதியாக மெலிந்துகொண்டே போகும். கடைசியில் ஒரே ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு என்று மிஞ்சுவதைப் பிடிப்பதுதான் அவன் வேலை. அதற்குக் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஆகவே நைட்ரஜன் அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு உரிக்க வேண்டுமாம். இவ்வளவு சள்ளை பிடித்த வேலைக்குத்தான் என் செத்த டேப்பு.

கையும் காலும் பழகிவிட்டால் சும்மா இருக்குமா? மலைக்கு வந்த இடத்திலும் உரித்தான். என் கடையில் லேமினேஷன் செய்து வைத்திருந்த விலைப் பட்டியலை உரித்தான். பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தான். ஒரு நாள் எதிர்க் கடையில் பரோட்டா வாங்கி, அதைப் பிய்த்துத் தின்னாமல், ஓரத்திலிருந்து சுருள் சுருளாகப் பிரித்து இலை முழுக்கப் பரப்பிவிட்டான். பரோட்டா மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏனப்பா, திங்கறதுக்குப் போட்டனா, காயப் போடறதுக்குப் போட்டனா?"

"மாஸ்டர், இங்க பாருங்க. மூணு எடத்துல அடுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஒரு அடுக்கு இன்னொண்ணு மேல வழுக்கோணுமுங்க. வழுக்கறதுலதான் எல்லாமே இருக்குது."

மாஸ்டர் முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் மாவை வீசும்போது எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகத் தடவினார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் பரோட்டா தீர்ந்துவிட்டது. அதிலிருந்து மாஸ்டர் அவனுக்குத் தனி பெஞ்சு போட்டுவிட்டார்.

எனக்கு மட்டும் அவன் மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் மலை ஏறும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். உட்கார இடமில்லை, இரண்டு பேரும் நின்றுகொண்டு வந்தோம். முதல் வளைவில் ஆரம்பித்தான், கடைசி வளைவில்தான் முடித்தான். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். தப்பு இருந்தால் அவன் திருத்துவான்.

சில பொருள்களில் மேல் பக்கம் பிளஸ், கீழ் பக்கம் மைனஸ் என்று குணம் பிரிந்து நிற்குமாம். மின்சாரத்தால் ஒரு தள்ளு தள்ளினால் மேல் கீழாகப் புரண்டுகொள்ளும். ஆனால் உலோகத்தில் அப்படி நிற்கவே நிற்காது என்றுதான் புத்தகம் சொல்கிறதாம்.

"இப்ப இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க்கா. ஒரு பக்கம் எடம் காலியானா கூட்டம் ஓடிப்போயி அடைச்சுக்குது. உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் அப்படித்தான். பிளஸ்ஸு மைனஸ்ஸுன்னு எங்கயும் நிக்க உடாது. ஓடியாந்து மூடிப்போடும்."

"அப்பறம் உன்ற உலோகத்துல மட்டும் எப்படி நிக்குது?"

"பஸ்ஸுக்குள்ள முன்னாடி ஓடலாம், பின்னாடி ஓடலாம். மேல ஓட முடியுங்களா?"

அண்ணாந்து பார்த்தேன். வளைவில் பஸ் குலுங்கியதில் கூரைக் கம்பி நெற்றியில் இடித்தது.

"அதேதானுங்க்கா! ரெண்டு அடுக்கு, மூணு அடுக்குன்னு மெலிசாக்கிட்டா எலக்ட்ரானுக்கும் மேல கீழ ஓடற எடம் இல்லாமப் போயிருது. அதனால மேல ஒரு குணம், கீழ ஒரு குணம்னு நின்னுக்குது. மேலடுக்கு ஒரு துளி வழுக்கினாப் போதும், மாறிக்கும். மாறினது மாறினதுதான். கரண்டை நிறுத்தினாலும் அப்படியே நிக்கும். மறக்காதுங்க்கா."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். மலையில் கரண்டு எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை, பட்டாவுக்கு மனு அடித்து முடிக்கிற சமயத்தில் கரண்டு போய், முதல் வரியிலிருந்து மறுபடி அடித்தவள் நான்.

"கரண்டு போனாலும் மறக்காதா?"

"மறக்காதுங்க்கா. நாளைக்கு இதுல மெமரி செய்யலாமுங்க."

"இதை முதல் வளைவுலயே சொல்றதுக்கு என்ன?" என்றேன். அன்றிலிருந்து நானும் அவன் கட்சி.

ஆனால் அவனுடைய புரொபசர் அவன் கட்சி இல்லை. இரண்டு அடுக்கில் அளந்து பார்த்தபோது, மின்சாரத்தை ஏற்றும்போது போன கோடும் இறக்கும்போது வந்த கோடும் வேறு வேறு தடத்தில் போயிருக்கின்றன. அதுதான் அந்தக் குணத்துக்கு அடையாளமாம். குதித்துக்கொண்டு போய்க் காட்டினானாம். அவர் பார்த்துவிட்டு, "பார்க்கலாம்" என்றாராம். எதைக் காட்டினாலும் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். "அடுக்கை வெச்சு அளக்கற சிலிக்கான் சில்லு மின்சாரத்தைப் புடிச்சு வெச்சுக்கிட்டு உன்னை ஏமாத்தலாம் இல்லையா?" என்பது அவர் கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல ஒரே வழிதான் உண்டு. ஒற்றை அடுக்கை எடுத்து, அதே சில்லில் வைத்து, அதே மாதிரி அளக்க வேண்டும். ஒற்றை அடுக்கில் எது மேல் எது வழுக்கும்? ஆகவே ஒன்றும் நடக்கக் கூடாது. போன தடத்திலேயே கோடு திரும்பி வர வேண்டும். அங்கேயும் தடம் பிரிந்தால், மூன்று வருஷமாக அவன் பார்த்ததெல்லாம் சில்லு செய்த ஏமாற்று வேலை. தலைப்பை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். புரொபசர் அதைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒற்றை அடுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. உரித்ததையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் போட்டோ எடுத்து, எந்த மூலையிலாவது லேசாக வெளிறிய ஒரு கறை தெரிகிறதா என்று மணிக்கணக்காகத் தேட வேண்டும். அவனும் அவனோடு படிக்கிற பெண்ணும் தேடித் தேடிக் கண் பூத்துப்போனார்கள். கடைசியில் அவன் செய்த காரியம் உலகத்தில் எந்த விஞ்ஞானியும் செய்திருக்க மாட்டான். போட்டோக்களையெல்லாம் வாட்ஸப்பில் அவன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டான்.

அந்த அம்மா பாய் நிறைய மிளகைப் பரப்பி, தொடாமலே எது சொத்தை எது கெட்டி என்று சொல்கிறவர். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார். பிறகு பதில் பேசி அனுப்பினார். அதை அவன் எனக்குப் போட்டுக் காட்டினான்: "சாமி, நாலாவது படத்துல, கெட்டியா ஒண்ணு கெடக்குது பாரு, அதுக்குச் சோத்தாங்கைப் பக்கம் ஒரு வெளிறல். அது ஒத்தை. ஏழாவதுல இருக்கறது ஒத்தை கெடையாது, ரெண்டு. சோறு தின்னியா?"

கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ஒற்றைதான். ஏழாவதில் இருந்தது இரண்டுதான்.

கூடப் படிக்கிற பெண் யார் அந்த நிபுணர் என்று துளைத்திருக்கிறாள். இவன் "எங்க மலையில ஒரு மேடம் இருக்காங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டான். அவள் பயபக்தியோடு கூப்பிட்டு, "மேடம், நீங்க எந்த முறையில கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டாளாம். "இரு கண்ணு, மாட்டைக் கட்டிப்போட்டு வாரேன்" என்று மேடம் போனைக் களத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒற்றை அடுக்குக் கிடைத்தது. அளக்கும் இயந்திரத்தில் முறையும் கிடைத்தது. அதற்கு முந்தின வாரம் மிளகு பறிக்க மலைக்கு வந்தவன், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு மிளகு இலை மேல் ஏதோ மெல்லிய படலத்தைப் பார்த்துவிட்டான். டேப்பை எடுத்தான். டேப்பு கிழிக்க இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையையும் எடுத்தான்.

காலில் மாவுக்கட்டு. கட்டுப் போடும்போதே, "எத்தனை சுத்துங்க?" என்று கேட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். பட்டணத்துக்குப் போக முடியாது. முறையை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. அதற்குள் அந்த அடுக்குக் கெட்டுவிடலாம். புரொபசரும் இனிமேல் காத்திருக்க மாட்டார். அந்தப் பெண்தான் வழி சொன்னாள். பொருளை அவள் இயந்திரத்தில் வைத்துவிடுவாள்; அவன் எங்கிருந்தாவது கம்ப்யூட்டர் வழியாக ஓட்டலாம். திருப்புலி நாட்டில் அவன் வீட்டுப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், இதற்கெல்லாம் தாங்காது. மலையில் ஒழுங்காக நெட் வருவது என் கடையில்தான்.

ஒரு புதன்கிழமை காலையில் குச்சிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் அவனையும் ஒரு மூட்டையாக ஏற்றி, பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார் அவன் அம்மா. மாவுக்கட்டுக் காலை என் ஸ்டூலில் தூக்கி வைத்தோம். எதிர்க் கடையில் அடுப்பை அணைத்துவிட்டு மாஸ்டர் வந்து நின்றார். போனில் அந்தப் பெண் பேசினாள். "ஆரம்பிக்கலாமா?"

"அம்மிணி, இப்ப என்ன நடக்கோணும்?" என்று அவன் அம்மா என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் நடக்கக் கூடாதுங்கம்மா."

"அப்ப எதுக்கு இத்தனை பாடு?" என்றார் மாஸ்டர்.

நீலக் கோடு புள்ளி புள்ளியாக ஊர்ந்தது. மனு அடிக்க வந்தவர்களை வெளியிலேயே நிறுத்திவைத்தேன். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன், எதற்கென்று இன்றுவரை எனக்கே தெரியாது. கோடு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்து, சிவப்பாகித் திரும்ப ஆரம்பித்தது. நீலத்தின் மேலேயே வந்தது. வந்தது, வந்தது, நடுவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்தது. நீலத்தை விட்டு ஒரு சிவப்பு மெல்ல மேலே ஏறிப் போயிருந்தது.

அவன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். "போச்சுங்க்கா" என்றான், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற குரலில். "ஒத்தையிலயும் பிரியுது. மூணு வருசம்."

எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற எனக்குக் கோபம்கூட வரவில்லை.

"என்ன போச்சு?" என்றது போன். "இங்க ஒண்ணும் பிரியலையே. ஒரே கோடாத்தான் வருது."

"இங்க பிரியுதுங்க."

"பிரியலைங்கறேன்!"

அவன் அம்மா எழுந்து வந்து திரைக்கு முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். மிளகுப் பாயைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கட்டை விரல் நகத்தைத் திரையில் வைத்துச் சுரண்டி, ஒரு ஓரத்தைப் பிடித்து, சர்ரென்று எதையோ உரித்தார். மேலே ஏறிய சிவப்புக் கோடு அவர் கையோடு வந்துவிட்டது.

எப்போதோ அவன் பசையைச் சோதிக்க என் திரையில் ஒட்டிய டேப்புத் துண்டு. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு நான் பொட்டு வைத்தபோது சிந்திய குங்குமம் அதன் ஓரத்துப் பசையில் போய் ஒட்டிக் கோடாகியிருக்கிறது. தினமும் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது மறைந்தே போய்விட்டது. அவன் தன் வாழ்க்கையில் உரிக்க மறந்தது அந்த ஒரே டேப்பைத்தான்.

"இது எதுக்கு சாமி இங்க ஒட்டி வெச்சிருக்கற?" என்றார் அம்மா.

திரையில் நீலத்தின் மேல் சிவப்பு, இம்மி பிசகாமல், தொடங்கின இடத்துக்கே வந்து நின்றது.

இன்னொரு முறை ஓட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறையும் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மாஸ்டர், "நடக்கலை, நடக்கலை!" என்று தொடையைத் தட்டினார். வெளியே ரேஷன் கார்டோடு காத்திருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றார். "ஒண்ணுமே ஆகலீங்க!" என்று நாங்கள் நாலு பேரும் கத்திக் கை தட்டினோம். அவர் இரண்டு அடி பின்னால் போய், கார்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

போனில் குரல் மாறியது. புரொபசர் இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

"மூணு தடவையும் பிரியலை, இல்லையா?"

"இல்லீங்க சார்."

அடுத்து "பார்க்கலாம்" வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப ரெண்டு அடுக்குல நீங்க பார்த்தது நிஜம்தான். எழுதுங்க" என்றார்.

அவன் என் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, "எதுக்கு சாமி அழுவற, ஒண்ணும்தான் ஆகலையே" என்றார். மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன் என்று வேகமாக வெளியே போனார். நான் மின்விசிறியைப் போட்டேன். எனக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

இப்போது மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். மறக்காத மெமரி கடைக்கு வர இன்னும் ரொம்ப நாள் ஆகுமாம். "ஆனா வருமுங்க்கா" என்கிறான். நான் நம்புகிறேன்.

அன்றைக்கு அந்தக் கோட்டைக் கலரில் மூன்று பிரதி கேட்டான். அவனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, புரொபசருக்கு ஒன்று. நான் சொல்லாமல் நாலாவதாக ஒன்று எடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். போன வாரம் மனு அடிக்க வந்த ஒருவர் அதை வெகு நேரம் உற்றுப் பார்த்தார்.

"என்னங்க இது, ஒரு கோடு மட்டும் இருக்குது? பிரிண்டர் சரியா அடிக்கலைங்களா? கழட்டிப்போட்டு ஒரு காலண்டராச்சும் மாட்டலாமுங்களே."

"நல்லாத்தான் அடிச்சிருக்குதுங்க" என்றேன். "அது எங்க ஊட்டுப் பையன் போட்ட கோடு."